ஒரு இழுப்பு என்றால் நலம்

தண்ணீருக்கு அடியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, சங்கிலி எங்கே சிக்கியிருக்கிறது என்று தடவிப் பார்ப்பது, இப்படி. பட்டப்பகலிலும் கை தெரியாத இருட்டாக இருக்கும். மூழ்கிப்போன ஆட்களை இரண்டு தடவை தேடி எடுத்துக் கொடுத்தும் இருக்கிறேன். ஒருநாளும் எனக்கு எதுவும் தோன்றியதில்லை. கூட இருப்பவர்கள் ஆவி, பேய் என்று பேச்சை எடுத்தால் தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பயத்தினால் இல்லை, அலுப்பினால். அப்படிப்பட்டவன்தான் இதை எழுதுகிறேன். நடந்ததும் நடுக்கடலில் இல்லை. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில், வெயில் காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், பன்னிரண்டு அடி ஆழம்கூட இல்லாத ஒரு குளத்தில். என் மனைவியிடம் முதலில் சொன்னபோது அவளே சிரித்தாள். நீங்களும் சிரித்துவிட்டுப் படிக்கலாம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மார்கழி. நான் ஷார்ஜாவில் இருந்து சங்கரன்கோவிலுக்கு லீவில் வந்திருந்தேன். என்னோடு வேலை பார்த்த செய்யதுவும் அதே நேரத்தில் கடையநல்லூருக்கு வந்திருந்தான். அவன் நல்ல பேச்சுக்காரன், நான் நேர்மாறு. ஒன்பதாவதோடு படிப்பு முடிந்தது. கடைக்காரர் மீதிச் சில்லறை தர மறந்துவிட்டால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள். எனக்கு விசா வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

ஒருநாள் பஸ்ஸைப் பிடித்துச் சங்கரன்கோவிலுக்கு வந்துவிட்டான். டீக்கடையில் உட்கார்ந்து ஒரு கவரைப் பிரித்தான். முந்தின வாரம் எங்கள் ஊர்ப்பக்கத்துக் குளத்தில் எடுத்த பறவைப் படங்கள். புதுக் கேமரா, கழுத்தை விட்டு இறக்கவே மாட்டான்.

"இது என்னன்னு சொல்லு பாப்போம்."

"முக்குளிப்பான்."

"நம்ம ஆளு. சிலிண்டர் இல்லாமலே எம்புட்டு நேரம் முங்குதான் பாரு. இவனுக்கு ஒரு விசா எடுத்துக் குடுத்துரணும்லே."

பிறகு பேச்சு எங்கே முங்கினால் நல்லது என்பதில் போய் நின்றது. மாலத்தீவுதான் என்றான் செய்யது. "நாப்பது அடியில நின்னா, மேல கிடக்க போட்டோட அடியில எழுதுனதை வாசிச்சிரலாங்காவ." ஓமான் பக்கத்துப் பாறைக்கடலே போதும் என்றேன் நான். இப்படிப் பேசினால் தொம்மை வராமல் இருக்க மாட்டார். தொம்மை தூத்துக்குடிக்குத் தெற்கே கடற்கரைக்காரர், சங்குக்கு முங்கிய ஆள், ஷார்ஜாவில் எங்கள் மூன்றாவது கூட்டாளி. அவருக்கு அந்தச் சமயம் லீவு கிடைக்கவில்லை. அவர்கள் ஊரில் முங்குவதைக் குளிப்பது என்பார்கள். அறைக்கு வந்த முதல் நாளே, "நான் பதினாறு வயசுலேருந்து குளிக்கேன் மக்கா" என்றார். "நாங்க பொறந்ததுலேருந்தே குளிக்கோம், நீரு ஏன் அம்புட்டு லேட்டு?" என்று செய்யது கேட்டான். அதைச் சொல்லி டீக்கடையில் மறுபடியும் சிரித்தோம்.

கயிற்றைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மற்றது விளங்காது. முங்குகிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும், மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருப்பார். மேலே இருந்து ஒரு இழுப்பு இழுத்தால் "நல்லா இருக்கியா?" என்று அர்த்தம். கீழிருந்து ஒரு இழுப்பு திரும்பி வந்தால் நலம். நான்கு இழுப்பு வந்தால் தூக்கு என்று அர்த்தம். கயிறு பிடித்தவர் எக்காரணம் கொண்டும் அதை விடக்கூடாது. இவ்வளவுதான் பாஷை. ஆனால் "கயித்துலயும் ஊர்ப்பேச்சு உண்டு" என்பார் தொம்மை. அது உண்மை. செய்யது மாட்டைப் பிடித்து இழுக்கிற மாதிரி வெடுக்கென்று இழுப்பான். தொம்மை நீளமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நாய் வாலாட்டுகிற மாதிரி கடைசியில் லேசாக ஒரு ஆட்டு ஆட்டுவார். நான் ஒரு தடவை இழுத்துவிட்டு, கூடவே மெதுவாக ஒரு அரை இழுப்பும் இழுப்பேனாம். எனக்கே தெரியாது. "ஒன் கயிறு மன்னிப்புக் கேக்குதுடே" என்று தொம்மைதான் கண்டுபிடித்துச் சொன்னார்.

செய்யது டீக்கடைக்கு வந்த காரணம் வேறு. அவனுக்குப் பெண் பேசியிருந்தார்கள். தண்ணிக்கு அடியில் வேலை என்றால் பெண்வீட்டார் நம்பவில்லையாம், ஹோட்டலில் தட்டுக் கழுவுகிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். தூத்துக்குடியில் தெரிந்த ஒருவரிடம் சிலிண்டர், முகமூடி, கால்துடுப்பு எல்லாம் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கியிருந்தான். அந்தப் பறவைக் குளத்தில் இறங்கி நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

மறுநாள் ஒரு வாடகைக் காரில் போனோம். வியாழக்கிழமை. குளம் நிறையத் தண்ணீர், நடுவில் ஆயிரக்கணக்கில் வாத்தும் நாமக்கோழியும். செய்யது சிலிண்டரை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நின்றான், நான் படம் எடுத்தேன். அதைப் பார்த்துக் கரையில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அதில் வேலுச்சாமி என்று ஒரு பெரியவர், அந்தக் குளத்துத் தண்ணீரில் நெல் போட்டிருந்த சம்சாரி, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மடை அடைச்சுக் கிடக்கு. முள்ளும் செத்தையும் வாயில போய் மாட்டிக்கிட்டு. மூணு பேரு முங்கிப் பாத்தாச்சு, மூச்சு பத்தல. நெல்லு கதிரு வார நேரம். குளம் பூராத் தண்ணி கிடக்கு, வயலு வெடிச்சுப் போய்க் கிடக்கு."

"அதுக்கென்ன அண்ணாச்சி, அஞ்சு நிமிச வேலை" என்றான் செய்யது. "லிங்கம் முங்குவான்" என்று என்னைக் காட்டினான்.

அடைபட்ட துவாரத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அடைப்பு விலகினால் தண்ணீர் ஆளையும் சேர்த்து இழுக்கும். எனக்குத் தெரியும், செய்யதுக்கும் தெரியும். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிலிண்டரை மாட்டி, கயிற்றை இடுப்பில் கட்டி, முனையைச் செய்யது கையில் கொடுத்து இறங்கினேன்.

உள்ளே கலங்கல். ஒன்றும் தெரியாது. மடைக்கல்லைத் தடவிக் கண்டுபிடித்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசியாக ஒரு பெரிய கொத்து, அதைக் கையால் அசைக்க முடியவில்லை, காலால் உதைத்தேன். உதைத்ததும் அது உள்ளே போனது, அதோடு என் இடது காலும் முழங்கால்வரை போய்விட்டது. கல்லை இரண்டு கையாலும் உந்திப் பார்த்தேன். அசையவில்லை. ஒரு குளம் தண்ணீரும் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அப்போது கயிறு இழுபட்டது. நீளமாக ஒரு இழுப்பு, கடைசியில் லேசாக ஒரு ஆட்டு.

தொம்மை மாதிரி செய்து காட்டி செய்யது விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். நேற்றுப் பேசியதன் தொடர்ச்சி. நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? ஒரு இழுப்பு. நலம். வயற்காட்டுக் குளத்தில் மாட்டிக்கொண்டேன் என்று கத்துவதற்கு வெட்கமாக இருந்தது. நாமே எடுத்துவிடலாம் என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே இழுப்பு, அதே ஆட்டு. இப்போது கால் மரத்துவிட்டது. இரவல் சிலிண்டர், எவ்வளவு காற்று இருக்கிறது என்று காட்டும் முள் அதில் இல்லை. மூச்சை இழுப்பதற்கு ஏற்கெனவே கனமாக இருந்தது. அப்போதும் நான் ஒரு இழுப்புத்தான் இழுத்தேன். நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், இந்தக் கதையில் எனக்கே நம்ப முடியாதது அந்த இரண்டாவது பதில்தான்.

மூன்றாவது கேள்வி வருவதற்குள் காற்று நின்றுவிட்டது. நான்கு தடவை இழுத்தேன். உடனே கயிறு இறுகியது. பதறிப்போய் வெடுக்கென்று இழுக்கிற இழுப்பு இல்லை. வலை இழுக்கிற மாதிரி, ஒரு கைக்குப் பின்னால் இன்னொரு கை, நின்று, மறுபடியும். மூன்றாவது இழுப்பில் கால் தோலோடு பிய்ந்துகொண்டு வந்தது.

மேலே வந்து முகமூடியைக் கழற்றினேன். கரையில் யாரும் இல்லை.

கயிற்றின் முனை ஒரு உடைமரத்து வேரில் கட்டியிருந்தது. செய்யது இருநூறு அடி தள்ளி, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றான். குளத்துப் பறவை முழுவதும் ஆகாயத்தில் இருந்தது. கரைக்கு அந்தப் பக்கம், மடை வாயில் எல்லோரும் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வேலுச்சாமி என் கால்துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"தம்பி, ஒம்ம செருப்பு மடை வழியா வந்துட்டு! தண்ணி மொதல்ல குபுகுபுன்னு வந்துச்சு, பொறவு நின்னு போச்சு, இப்போ பாரும், ஆறு கணக்காப் போகுது!"

இடையில் நின்றது என் கால் அடைத்திருந்த நேரம். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

செய்யது வந்ததும், "எப்போலே கயித்தை விட்டே?" என்று கேட்டேன்.

அவன் முகம் செத்துவிட்டது. "தண்ணி வந்த சத்தத்துக்குப் பறவை பூரா எந்திரிச்சுட்டு. சட்டுன்னு மரத்துல கட்டிட்டு ஓடுனேன். தப்புத்தான்லே. நீ நல்லா இருக்கேல்லா?"

"நல்லா இருக்கேன்" என்றேன்.

நானே கயிற்றைப் பிடித்து இழுத்து வெளியே வந்திருப்பேன், பயத்தில் மற்றதெல்லாம் தோன்றியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஸ்டூடியோவில் படம் கழுவி வந்தபோது மாப்பிள்ளைப் படங்கள் போக எட்டுப் படம் இருந்தது, எட்டிலும் பறவை. ஒன்றில் மட்டும் ஓரத்தில் கரையும் உடைமரமும் விழுந்திருந்தன. மரத்தடியில் ஆள் இல்லை. கயிறு மட்டும் கம்பி மாதிரி விறைப்பாகத் தண்ணீருக்குள் போகிறது. படம் நன்றாக இருக்கிறது என்று பெண்வீட்டார் அதையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

லீவு முடிந்து ஷார்ஜாவுக்குப் போனேன். தொம்மை என்னிடம் சரியாகப் பேசவில்லை. இரண்டு நாள் பார்த்தேன். மூன்றாம் நாள் படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அவரே ஆரம்பித்தார்.

"கொல்லத்துக்காரர் ஒருத்தர் புதுசா வந்திருந்தாரு. நீ பாக்கல. கப்பலுக்கு அடியில அவருக்கு நான்தான் கயிறு பிடிச்சேன். ஒரு வியாழக்கெழமை, காலைல பத்து மணி இருக்கும்."

அங்கே பத்து என்றால் நம் ஊரில் பதினொன்றரை.

"நல்லா இருக்கியான்னு கேட்டேன். நல்லா இருக்கேன்னு வந்துச்சு. ஒரு இழுப்பு, கூடவே அரை இழுப்பு. சிரிச்சுட்டேன் மக்கா. இது லிங்கம் கையில்லா, இந்த மனுசன் எங்க படிச்சாருன்னு. இன்னொரு தடவை கேட்டேன். அதே பதில். சரி, சுகமா இருக்காருன்னு விட்டுட்டேன். பொறவு நாலு வந்துச்சு. இழுத்தேன்."

தொம்மை படகில் கிடந்த கயிற்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"வாயில குழாய் இல்ல. நெனவு இல்ல. கயிறு முதுகுப் பக்கம் சிலிண்டர்ல சுத்திக் கிடக்கு, கைக்கே எட்டாது. எப்படியோ உசுரு வந்துட்டு. ஆனா வலது கை விளங்கல, பேச்சும் சரியா வரல. ஊருக்கு அனுப்பிட்டாங்க. ஒரு அஞ்சு நிமிசம் முந்தி எடுத்திருந்தா முழுசாக் கெடைச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு. நான் கேக்கத்தானே செஞ்சேன் மக்கா? ரெண்டு தடவை கேட்டேன். நல்லா இருக்கேன்னு யாரு சொன்னா?"

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். காலில் தழும்பு அப்போது ஆறக்கூட இல்லை, கால்சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். அன்றைக்கும் வாய் வரவில்லை. "உங்க மேல என்ன தப்பு?" என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கயிறு பிடிக்கவில்லை. முங்குகிறேன், ஆனால் பிடிக்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் என்னைவிட மூத்தவர். இப்போதும் அவர் ஊரில் இருக்கிறார், பொங்கலுக்குக் கார்டு போடுகிறார். இதை அச்சில் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த நாலு இழுப்பினால்தான் கொல்லத்துக்காரர் பிழைத்தார் என்று என் மனைவி சொல்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் சிரிப்பதில்லை. இருக்கலாம். அதற்கு முந்தின இரண்டையும் நான்தானே இழுத்தேன்.

தொழிலை விட்டு வந்து சங்கரன்கோவிலிலேயே இருக்கிறேன். பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண வீட்டிலோ யாராவது எதிரில் வந்து, "என்ன லிங்கம், நல்லா இருக்கீயளா?" என்று கேட்கிறார்கள். எல்லோரும் கேட்பதுதான். நல்லா இருக்கேன் என்று சொல்ல வாயைத் திறக்கும்போதே கை தானாக இடுப்புப் பக்கம் போய் நிற்கிறது.