சித்தியின் தலைமுடியும் என் மொழிபெயர்ப்பும்

என் பத்தாம் வயதில், ஒரு பெண் என்னை நம்பிச் சொன்னதை நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். அதனால் அவள் ஏழு மாதம் தனித்தட்டில் சாப்பிட்டாள். அவள் என் சித்தி. சிறுபிள்ளைத்தனம் என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது சிறுபிள்ளைத்தனம் அல்ல.

சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். ரெயூனியன் தீவில் ஒரு பெண்ணை மணந்து, புதுச்சேரிக்கு அழைத்துவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டு, வேறிடத்துக்கு மாற்றலாகிப் போனார். ஒரு வருடத்தில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. சித்தியின் முன்னோர்களில் சிலர் இந்தக் கரையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர்கள், சிலர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள். அவளுக்குத் தமிழ் தெரியாது. அப்பாவுக்கு வேலை காரைக்காலில். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நான்தான் வீட்டுக்குத் துபாஷி.

வந்த புதிதில் சித்தியின் முடி நேராக, பளபளவென்று முதுகுவரை தொங்கியது. வீட்டில் அத்தை வைத்ததுதான் சட்டம், அம்மாகூட அவளைக் கேட்டுத்தான் உலை வைப்பாள். அந்த அத்தையே, "முடியப் பாத்தா நம்ம ஊட்டுப் பொண்ணாட்டமேதான் இருக்கா" என்று ஒப்புதல் கொடுத்துவிட்டாள்.

இரண்டு மாதத்தில் சித்தி தலையில் துணி கட்ட ஆரம்பித்தாள். சாயங்காலம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலைவாரிக்கொள்வார்கள். சித்தி மட்டும் எழுந்து போய்விடுவாள். அத்தைக்கு மூக்கு வேர்த்தது. எனக்கும்தான். நான் மிதிவண்டியிலிருந்து விழுந்து "புண்ணு, புண்ணு" என்று கத்தியபோது சித்திதான் முட்டியைக் கழுவி மருந்து போட்டாள். அந்த மருந்தையும் முகர்ந்து பார்த்த பிறகே நான் காலை நீட்டினேன்.

ஒருநாள் குளித்துவிட்டு அவள் துணியை அவிழ்த்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். வேர்ப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னச் சுருள்கள், அதற்குக் கீழே பழைய நேர்முடி. ஒரே தலையில் இரண்டு பேருடைய முடி! அவள் மாதா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பெட்டியைக் குடைந்தேன். காலியான ஒரு டப்பா இருந்தது. மூடியைத் திறந்ததும் மூக்கு எரிந்தது. கண்ணில் படக்கூடாது, தோலில் அதிக நேரம் இருக்கக்கூடாது என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது. வியாதிக்காரி என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரமே அத்தை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சித்தியின் முன் நிறுத்தினாள். "கேளுடா இவள. தலைய ஏன் மூடிக்கினே இருக்கா? மறைக்காம சொல்லச் சொல்லு."

சித்தி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னாள். அவளுடைய பிறவி முடி சுருட்டை. பன்னிரண்டு வயதில் அவள் அம்மா ஒரு பசையைப் பூசி அதை நேராக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் தலை எரியும். இனிப் பூசப்போவதில்லை. சொந்த முடி நான்கு விரல் அளவு வளர்ந்ததும் பழையதை வெட்டிவிடுவாள். அதுவரை பார்க்க அசிங்கமாக இருக்கும் என்பதால்தான் துணி.

பசை பூசினால் சுருட்டை முடி நேராகிவிடுமாம்! என்னை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். நானே நம்பாததை நான் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

"தலையில புண்ணாம், அத்தை. அதுக்குப் போட்ட மருந்து தீந்துபோச்சாம்."

"ஒட்டிக்கிற புண்ணா?"

"தெரியல."

அந்தத் 'தெரியல'வை என் நேர்மைக்கு அடையாளமாக வெகுநாள் வைத்திருந்தேன்.

அன்று இரவே சித்திக்கு ஓர் அலுமினியத் தட்டு ஒதுக்கப்பட்டது. படுக்கை பின்னறைக்குப் போனது. "தம்பி வரட்டும். இவள அவ ஊருக்கே கப்பலேத்திட சொல்றேன்" என்று அத்தை தினமும் சொன்னாள். சித்தி தட்டைக் காட்டி, ஏன் இது என்று என்னைக் கேட்டாள். புது மருமகளுக்கு இங்கே இதுதான் வழக்கம் என்றேன். அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் அவள் துணியில்லாமல் முற்றத்துக்கு வந்தாள். பழைய முடியெல்லாம் போய், தலை முழுக்கக் கருஞ்சுருளாகச் சின்னதாக இருந்தது. சிரித்துக்கொண்டே அத்தையின் முன்னால் குனிந்து காட்டினாள்.

அத்தை நெஞ்சில் சிலுவை போட்டாள். "மாதாவே! முடிய எறக்கிட்டியாடி? வேளாங்கண்ணிக்கு நேந்துக்கினியா? டேய், கேளுடா!"

உண்மையைச் சொன்னால் முதல் பொய் வெளியே வந்துவிடும். நான் சித்தியிடம் எதையும் கேட்கவில்லை. "ஆமாவாம்" என்றேன். "புண்ணு ஆறிடுச்சாம்."

அத்தை அழுதாள். முதல்முறையாகச் சித்தியின் தலையைத் தொட்டாள். மத்தியானமே அலுமினியத் தட்டு கொல்லைக்குப் போனது. மாதா குணமாக்கினாள், போதாததற்குச் சுருட்டை முடியும் கொடுத்தாள் என்று தெருவெல்லாம் பேச்சு. அடுத்த மாதம் வேளாங்கண்ணிக்குப் போனோம். அங்கே அத்தை ஒரு சின்ன வெள்ளித் தகட்டை வாங்கிச் சித்தியின் கையில் வைத்தாள். தலை வடிவத்தில் செய்த காணிக்கைத் தகடு. சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உண்டியலில் போட்டாள்.

சித்தப்பா வந்து அவளைப் பிரான்சுக்கு அழைத்துப்போனார். அதன்பின் அவள் அந்த வீட்டுக்கு வரவே இல்லை.

போன வருடம், புதுச்சேரி சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டிலிருந்து அவளை வீடியோவில் கூப்பிட்டேன். எழுபத்தைந்து வயது. வெடித்த பஞ்சுபோல் தலை முழுக்க வெள்ளைச் சுருள். பிரெஞ்சில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள், சித்தப்பாவோடு வாழ்ந்து கற்ற தமிழில் பதில் சொன்னாள்.

"தெரியும்டா. 'புண்ணு'ங்கிற வார்த்தை எனக்கு அப்பவே தெரியும். உன் முட்டியில மருந்து போட்டவ நான்தான?"

பிறகு, "போய் ஊட்டுல இருக்கறவங்ககிட்ட சொல்லு" என்றாள்.

அத்தை இன்று இல்லை. அத்தை மகளிடம் போய்ச் சொன்னேன். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் அந்தக் கதையைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றுகிறவள். அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "மாதா செஞ்சத இல்லேங்கிறியே மாமா, வயசான காலத்துல உனக்கு ஏன் இந்தப் புத்தி? எங்கம்மா கண்ணால பாத்தாங்க." நான் மூன்று முறை விளக்கினேன். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

சித்தியைத் திரும்பக் கூப்பிட்டு, யாரும் நம்பவில்லை என்றேன். இருமல் வரும்வரை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டேன், "அன்னைக்கே நீங்க எங்கிட்டயாவது கேட்டிருக்கலாமே சித்தி? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே?"

"கேட்டிருந்தா நீ பயந்துக்கினு எங்கிட்ட வர்றதையே நிறுத்திட்டிருப்ப. அந்த ஊட்டுல எங்கூடப் பேசறதுக்கு உன்ன விட்டா யாருடா இருந்தா?"