கீழ் வீட்டுக்காக ஒரு ஜெபக்குறிப்பு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜெயசீலி டீச்சர் இருக்கும் அடுக்ககத்தில் யாருக்குக் காய்ச்சல் தலைவலி என்றாலும் முதலில் கஞ்சி போகும். பின்னாலேயே ஜெபம் போகும். இரண்டும் டீச்சரிடமிருந்துதான். ரிட்டயர் ஆன மனுஷி சும்மா இருப்பாரா?

கீழ் வீட்டு ஸ்ரீநிவாசனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கக் கையும் காலும் விளங்காமல் போயின. தினமும் காலையில் அவரைத் தூக்கி உட்கார வைத்துத் துணி மாற்ற மனைவி சுந்தரவல்லியால் தனியாக முடியவில்லை. டீச்சர்தான் போய் ஒரு கை கொடுத்தார்.

"படுக்கையிலேயே போயிடறார் டீச்சர். வெளில யாருக்கும் தெரிய வேணாம். ரொம்ப மானஸ்தர், தாங்க மாட்டார்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருந்தார் சுந்தரவல்லி.

டீச்சரும் வெளியில் மூச்சு விடவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் மட்டும் சொன்னார். அது வெளியா என்ன? ஜெபக்குறிப்பு அல்லவா! பேரைக்கூடச் சொல்லவில்லை, "எங்க கீழ் வீட்டு சார்" என்றதோடு சரி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மறுநாளே ஜெரூஷா தலைமையில் ஜெபக்கூட்டத்துப் பெண்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக அந்த வீட்டில் போய் இறங்கிவிட்டார்கள். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "ஆண்டவரே, படுக்கையை நனைக்கிற இந்த மகனுக்கு இரங்கும்" என்று குரலெடுத்தாள் ஜெரூஷா. கர்த்தருக்கே அவள் சொல்லித்தான் விஷயம் தெரிய வேண்டும் போல. ஸ்ரீநிவாசன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார்.

மாலையில் டீச்சர் போனபோது கதவு பாதிதான் திறந்தது.

"உங்க ஜெரூஷா அவர் காதுபடவே எல்லாத்தையும் சொல்லி ஜெபிச்சுட்டுப் போனாங்க. இனிமே வராதீங்க டீச்சர். அவரை நானே பார்த்துக்கறேன்."

டீச்சருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெரூஷாவுக்குப் போன் போட்டுக் கத்தினார். "உனக்கு அறிவே கிடையாதா?"

"நீங்க சொன்னதைத்தானேக்கா நான் ஜெபிச்சேன்?" என்றாள் அவள்.

எரிச்சல் இன்னும் கூடியது. போனைப் பட்டென்று வைத்தார்.

மறுநாள் காலை கீழே தொப்பென்று ஒரு சத்தம். டீச்சர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். கதவைத் திறந்த சுந்தரவல்லிக்கு மூச்சு வாங்கியது. தனியாகத் தூக்கப் பார்த்திருக்கிறார். உள்ளே ஸ்ரீநிவாசன் தரையில் கிடந்தார்.

"தூக்குங்க டீச்சர். ஆனா ஒரு வார்த்தை பேசக் கூடாது."

டீச்சர் பேசவில்லை. தூக்கினார், துடைத்தார், துணி மாற்றினார். பழக்க தோஷம், ஜெபத்தில் உதடு மட்டும் தானாக அசைந்தது. ஸ்ரீநிவாசன் அதைப் பார்த்துவிட்டார்.

"மனசுக்குள்ளயே..." என்றார் குழறலாக.

டீச்சர் தலையாட்டினார். வெட்கமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஜெரூஷா ஆவலாகக் கேட்டாள்: "அக்கா, கீழ் வீட்டு சாருக்கு எப்படி இருக்கு? குறிப்பு ஏதாவது இருந்தா சொல்லுங்க."

"இருக்கு. என் வாய்க்காக ஜெபம் பண்ணுங்க" என்றார் டீச்சர். "இதைச் சத்தமாவே பண்ணலாம்."