தேவிஸ்ரீயின் அஸ்ராமா

மெர்லிமாவில் பள்ளி வேன் ஓட்டும் வசந்தன் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். நாலு தக்காளி வாங்கவே நாற்பதை அமுக்கிப் பார்க்கிற மனிதர், மகளுக்குக் கல்லூரி தேடினால் எப்படி இருக்கும்? போன வருடம் முழுக்க எங்கள் தெருவுக்கே அதுதான் பேச்சு.

மகள் தேவிஸ்ரீக்குப் பத்தொன்பது வயது. டவுன் சிண்ட்ரோம். இடைநிலைப்பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பு முடிந்துவிட்டது. இனி டிவி முன்னால் உட்கார வேண்டியதுதான். தாய் இறந்து நான்கு வருடம். வசந்தனுக்கும் ஒருமுறை நெஞ்சடைப்பு வந்து போயிருந்தது. தனக்குப் பின் இவள் என்ன செய்வாள் என்ற கவலை அவரை அரித்தது. என்னிடம் அவர் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

மூன்று இடங்களைப் பார்த்தார். ஒன்றில் பிள்ளைகள் காகிதப் பை ஒட்டியே காலம் தள்ளினார்கள். இன்னொன்றில் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. வேறு எதையும் கேட்காமல் வேனைத் திருப்பிவிட்டார். மூன்றாவது சிரம்பான் பக்கம். ரொட்டி, கேக் செய்யக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே படித்து, அங்கேயே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் அரை மணி நேரம் பேசினாராம். அதோடு முடிவு செய்துவிட்டார். தேவிஸ்ரீயும் மாவு பிசைய ஆசையாகத்தான் இருந்தாள்.

நேர்காணலில், அஸ்ராமாவில் தங்கிக்கொள்வாயா என்று ஆசிரியை கேட்டார். விடுதியை நாமெல்லாம் அந்த மலாய்ச் சொல்லால்தானே சொல்கிறோம். தேவிஸ்ரீ மாட்டேன் என்றாள். அப்புறம் வாயே திறக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அப்போதும் மறுத்தால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

அந்த இரண்டு வாரமும் அவள் தகப்பனை விட்டு நகரவில்லை. வேனில் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். மதியம் அவர் கண்ணயர்ந்தால் மூக்கருகே கை வைத்துப் பார்த்தாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவரைத் திட்டிவிட்டேன். என் வாயை என்ன செய்வது.

மறுபடி நேர்காணலுக்குப் போக ஒருநாள்தான் இருந்தது. அன்று மாலை அவர் எங்கள் வேலியோரம் வேன் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவள் கேட்டாள்.

"அப்பா, நீங்க எப்ப சாவீங்க?"

அவர் கையிலிருந்த குழாய் நழுவியது. மெதுவாக விசாரித்த பிறகுதான் விளங்கியது. தாயின் திவசத்தன்று வருடா வருடம் இவர்கள் ரெம்பியா பக்கம் ஓர் ஆசிரமத்தில் சாப்பாடு கொடுப்பார்கள். அங்கே இருப்பது அம்மா அப்பா இல்லாத பிள்ளைகள் என்று அவளுக்குச் சொன்னதே இவர்தான். அஸ்ராமா அவள் காதில் ஆசிரமம் என்று விழுந்திருக்கிறது. அம்மா ஏற்கெனவே இல்லை; அப்படியென்றால் அப்பாவும் போகப்போகிறார்.

நானாக இருந்தால் சாகவே மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை. அது படிக்கிற பிள்ளைகள் தங்கும் இடம், வெள்ளிக்கிழமைதோறும் வந்து கூட்டிவருவேன் என்று விளக்கினார். அவள் விடவில்லை.

"சாவீங்களா, மாட்டீங்களா?"

"ஒருநாள் சாவேம்மா. அதுக்குள்ள நீ சொந்தமா வேல செய்யக் கத்துக்கணும்லா. அதுக்குத்தான் அனுப்புறேன்."

வேலிக்கு இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தேவிஸ்ரீ கீழே கிடந்த குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"சரிப்பா, போறேன்," என்றாள். "ஆனா மெதுவாத்தான் கத்துக்குவேன்."