நாவலில் இல்லாத கொழுந்துக் கூடை

புத்தகத்தை எழுதினவர் எங்கேயோ நிம்மதியாக இருப்பார். ஏச்சு முழுவதும் அதை இரவல் கொடுக்கிறவளுக்குத்தான். இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக் கடைவீதியில், முஸ்லிம் நானா ஒருவரின் துணிக்கடை மூலையில் அலுமாரி வைத்து நாவல் இரவல் கொடுக்கிறேன். நாலாம் வகுப்போடு நின்றவள். இதைச் சரியாகச் சொல்லுவேனா என்று பயமாகவே இருக்கிறது. ஒருவர் பேச்சை இன்னொருவர் வாயில் வைத்துவிட்டால் அதற்கும் சண்டைக்கு வருவார்கள். ஆசையாக ஒன்றைக் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும்தானே, பொறுத்துப் படியுங்கள்.

வாத்தியார் சிபாரிசு

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் என் அலுமாரியைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். துப்பறியும் கதையும் பேய்க்கதையும்தான் இருக்கிறதாம். ஒருநாள் ஒரு பெரிய நாவலின் பெயரைச் சொல்லி, அதை வாங்கி வைத்தே ஆகவேண்டும் என்றார். ஊரே புகழ்ந்த புத்தகமாம். இந்தியாவிலிருந்து தருவித்தேன். தலையணைக்கு ஆகும் தடிமன்.

ஆசையோடு பிரித்தேன். எழுதினவர் ஜமீன் மாளிகையின் தூண்களை வர்ணித்தார், வர்ணித்தார், வர்ணித்துக்கொண்டே இருந்தார். கதாநாயகி வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. வாத்தியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "இது புடிக்கலைன்னா கோளாறு புத்தகத்துல இல்லீங்கம்மா" என்றார்.

ஜன்னல் ஓரத்துப் பெண்

முதலில் எடுத்துப் போனது கணக்கப்பிள்ளையின் மனைவி. ஒரு ராத்திரியில் ஒரு நாவல் முடிக்கிறவர். இதை வைத்துக்கொண்டு மழைக்காலம் முழுவதும் இழுத்தார். திரும்பக் கொண்டுவந்தபோது என் கையில் கொடுக்கவில்லை, மேசையில் தொப்பென்று போட்டார். நானா துணி கிழிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கடையில் சத்தம் வரக்கூடாது என்பதுதான் எனக்கு மூலை கொடுத்தபோதே அவர் போட்ட நிபந்தனை. கணக்கப்பிள்ளையின் மனைவியோ சத்தமாகவே கேட்டார்.

"மாமன் மகன் வருவான் வருவான்னு அந்தப் பொண்ணு ஜன்னலைப் புடிச்சுக்கிட்டு அழுவுறா. அழட்டும், வேணாங்கல. இத்தனை பக்கத்துல ஒரு வாய் சோறு திங்க வேணாமாக்கா?"

எழுந்து நின்ற லயம்

அடுத்து மேட்டு லயத்துக்கு, மேலே இருக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கு, போனது. லயத்தில் ஒருவர் எடுத்தால் ஒருவர் படிப்பதில்லை. எழுத்துத் தெரிந்தவர் ஒருத்தர் வாசிக்க, வரிசையாக இருக்கும் ஒற்றையறைக் காம்பராக்காரர்கள் அத்தனை பேரும் கூடிக் கேட்பார்கள். அங்கே வாசிக்கிறவள் வெள்ளையம்மா, தேயிலைக் கொழுந்தெடுக்கிறவள். புத்தகம் பிடிக்காவிட்டால் ஒரு லயமே என் மேல் பாயும் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன்.

நடந்தது வேறு. சிரித்த முகமாகத் திரும்பக் கொடுத்தார்கள். இதைப் போல ஒன்று கேட்டதே இல்லையாம். எனக்குத் தலை சுற்றியது. நான் தாண்டாத அந்தத் தூண்களுக்கு அப்பால் இப்படியெல்லாம் இருக்கிறதா? ஒரு கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொண்ணு கொழுந்துக் கூடையத் தூக்கி ஜமீன்தாரு தலையில கவுத்தா பாரு ஆயி, லயமே எந்திரிச்சு நின்னுருச்சு!"

கிழித்த பழி

கூடை கவிழ்த்த கதை காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் இடத்தில், கீழே இருக்கும் பணிய லயத்துக்கும் போய்விட்டது. அவர்களும் வந்து எடுத்துப் போனார்கள். அவர்களுக்கு வாசிப்பவர் காளிமுத்து. உள்ளதை உள்ளபடி, ஒரு எழுத்து விடாமல் வாசிக்கிறவர். அட்டை முதல் அட்டை வரை வாசித்தும் கூடை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டமே கடைக்குள் வந்தது. கூடை வருகிற பக்கத்தை நான் கிழித்துவிட்டேனாம். பக்க எண்களை விரல் வைத்துக் காட்டினேன். "இவுங்களுக்கு மேட்டு லயத்து ஆளுங்கதான் ஒசத்தி!" என்று ஒருத்தி கத்தினாள். விரித்து வைத்த சேலையில் யாரோ சேற்றுக் காலை வைத்தார்கள். நானா அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார். "தங்கச்சி, வாற ஞாயிறும் இந்தச் சத்தம் கேட்டா, அலுமாரி ரோட்டுலதான்."

வெள்ளையம்மாவின் பதில்

அலுமாரி ரோட்டுக்குப் போனால் நான் எங்கே போவது? மறுநாளே மேடேறி வெள்ளையம்மாவைப் பிடித்தேன். கூடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது, காட்டு என்றேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை.

"எந்தப் பக்கத்துலயும் இல்லக்கா. மழையில நனைஞ்சு வந்து குந்தியிருக்குற சனம். அவ அழுதுக்கிட்டே கெடந்தா எந்திரிச்சுப் போயிருமே. அதான் அவளைக் கொழுந்தெடுக்க அனுப்பிட்டேன்."

இது வாத்தியார் காதுக்கும் எட்டியது. குடையை ஓங்கிக்கொண்டு வந்தார். "பெரிய மனுசன் எழுதுனதுல கை வைக்கிறவளுக்கு இனிமே புத்தகம் கொடுத்தீங்கன்னா, பள்ளிக்கூடத்து ஆளு ஒருத்தரும் இந்தப் பக்கம் வரமாட்டாங்க!"

படிக்கவா, கேட்கவா

ஞாயிற்றுக்கிழமை பணிய லயத்துக்காரர்கள் படியேறும்போதே நான் ஓடிப்போய் வழியை மறித்தேன். யாரும் வாய் திறக்குமுன், "படிக்கவா, கேக்கவா?" என்று கேட்டேன். படிக்க என்றால் புத்தகம். அதில் உள்ளதுதான் உண்டு, கூடை கிடையாது. கேட்க என்றால் புத்தகம் வேண்டாம், வெள்ளையம்மாவையே அழைத்துப் போகலாம். அவளிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சத்தமில்லாமல் மேட்டு லயத்துப் பக்கம் திரும்பிவிட்டார்கள். நானா மறுபடியும் துணி கிழிக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அந்த நாவலைத் தேடி யார் வந்தாலும் அதையே கேட்கிறேன். போன வாரம் முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார்கள். பார்த்தால் வாத்தியாரின் மனைவி. அவர்களிடமும் கேட்டேன். "கேக்கத்தாங்க. அவருகிட்ட சொல்லிடாதீங்க."

வாத்தியார் மெச்சும்படி அந்தப் பெரிய நாவல் யாரும் கை வைக்காமல் அலுமாரியில் இருக்கிறது, அலுமாரி கடைக்குள்ளேயே இருக்கிறது.