மண்டே கோட்ஸின் கடைசிப் பாட்டு

பல வருடம் கழித்து லூயிஷாம் நிலையத்தில் நான் மறுபடி இறங்கியது ஒரு சனிக்கிழமை மாலை. தூறிக்கொண்டிருந்தது. லண்டனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: அங்கே குடை வாங்காதீர்கள், காற்று ஒரே நாளில் பிய்த்துவிடும். நான் வாங்கினேன், ஒன்பது பவுண்டு. ஊருக்குச் சொல்வேன், எனக்குச் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

படிக்க வந்த காலத்தில் இரண்டு வருடம் இங்கே மரியநாயகம் அங்கிள் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். அங்கிள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர். அப்போது பெட்ரோல் நிலையமொன்றில் இரவு ஷிப்ட். காலையில் வந்து கீழறைத் திரையை இழுத்துவிட்டுப் படுப்பார். பகல் முழுக்க வீட்டில் எல்லோருக்கும் பூனை நடைதான். பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் ரெஜி என் பக்கத்து அறையில் கட்டில்மேல் தலையணைகளை வரிசையாக வைத்து, டிரம்ஸ் குச்சியால் தட்டிப் பழகுவான். நிஜ டிரம்ஸ் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தது.

அந்த ரெஜியும் கூடப் படித்த மூன்று வெள்ளைக்காரப் பையன்களும் சேர்ந்து தொடங்கியதுதான் ‘மண்டே கோட்ஸ்’. பெரிய கம்பெனிகளின் கையை எதிர்பார்க்காமல், தாமே பாட்டெழுதி, தாமே வேன் ஓட்டி ஊர் ஊராகப் போய் வாசிக்கிற ராக் குழுக்களை இங்கே ‘இண்டி’ என்கிறார்கள். பார்மசி படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ரெஜி அந்த வேனில் ஏறினான். அங்கிள் கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம் மகன் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறான் என்று சொல்லி வைத்தார். குழுவின் படம் பத்திரிகையில் வந்த வாரமும் அதையேதான் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அங்கிள் தேவாலயத்துத் தமிழ்ப் பூசைக்குப் போயிருந்தார். ஆன்ட்டி கனடாவில், மகளின் பிரசவத்துக்கு. அடுப்படியில் ரெஜி எனக்குத் தேநீர் ஊற்றினான். தாடியில் நரை விழுந்துவிட்டது.

“முதல் ஆல்பம் நல்லாப் போச்சுது அண்ணா. ஒரு சம்மர் முழுக்க ஃபெஸ்டிவல்தான். ஜெர்மனி, ஜப்பான் எல்லாம் போனம். ரெண்டாவதும் பரவாயில்லை. மூண்டாவது ஒருத்தரும் கேக்கேல்ல. ரெக்கார்ட் லேபிள்காரங்கள் ஃபோன் எடுக்கிறதை நிப்பாட்டிட்டாங்கள்.”

“அப்புறம்?”

“பேந்து வேலை. பாடுறவன் தச்சு வேலை செய்யிறான். நான் ஸ்கூல்ல டிரம்ஸ் படிப்பிக்கிறன். வீக்எண்டில பப்பில வாசிப்பம், ஐம்பது பேர் வருவினம். எங்களுக்குள்ள சண்டை ஒண்டும் இல்லை. ஏலாமப் போச்சுது, அவ்வளவுதான். இண்டைக்குக் கடைசிக் கச்சேரி.”

கோப்பையைக் கழுவியபடி குரலைத் தாழ்த்தினான்.

“அப்பா ஒருநாளும் வந்ததில்லை. இண்டைக்கு வாறன் எண்டவர். கடைசிப் பாட்டு அவருக்காக நான் எழுதினது அண்ணா, இதுவரைக்கும் எங்கயும் வாசிக்கேல்ல. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கடைசி வரைக்கும் அவரை இருத்தி வைச்சிருங்கோ, அது போதும்.”

அது என் பொறுப்பு என்றேன். லண்டனில் நான் பார்க்காததா!

பிற்பகல் ஒரு மணிக்குக் கிளம்பினோம். கேம்டனில் கச்சேரி நடக்கும் மண்டபத்தில் மாலை வேறு நிகழ்ச்சி இருந்ததால் அதை மூன்று மணிக்கே வைத்திருந்தார்கள். அங்கிள் கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் கோட்டும் டையும் போட்டிருந்தார். லூயிஷாமில் இலகு ரயில் ஏறினால் பேங்க் நிலையம். அங்கே பாதாள ரயில் மாறினால் கேம்டன். ஏழெட்டு மைல்தான், ஒரு மணி நேரம் பிடிக்கும். வழியெல்லாம் அங்கிள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். கேட்டால், காதில் வைக்கப் பஞ்சாம்.

“சத்தம் கூட எண்டு சொன்னவங்கள் தம்பி. ஆனா வைக்கமாட்டன். சும்மா கொண்டுவந்தனான்.”

டிக்கெட் இருபத்திரண்டு பவுண்டு. எங்கள் பெயர் வாசல் பட்டியலில் இருந்ததால் காசு வாங்கவில்லை. மணிக்கட்டில் முத்திரை குத்தி மேல்மாடத்துக்கு அனுப்பினார்கள். அங்கிளின் முழங்காலை நினைத்து ரெஜி படிக்கட்டோரமாக இரண்டு நாற்காலி போடச் சொல்லியிருந்தான். என் குடையை நாற்காலியின் முதுகில் மாட்டினேன்.

குழு மேடைக்கு வந்ததும் கூட்டம் கத்தியது. அங்கிள் எட்டிப் பார்த்தார்.

“பின்னுக்கு இருக்கிறது ரெஜியோ? ஏன் அவனைப் பின்னுக்கு விட்டிருக்கிறாங்கள்?”

“டிரம்ஸ் வாசிக்கிறவங்க பின்னாடிதான் உட்காருவாங்க அங்கிள்.”

சமாதானமாகவில்லை. ஆனால் சற்று நேரத்தில் அவர் விரல் முழங்காலில் தாளம் போட ஆரம்பித்தது. கீழே நரைத்த தலைகளாக ஒரு கூட்டம் வரிக்கு வரி சேர்ந்து பாடியது. இருபது வயதில் இந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள் பிள்ளைகளை யாரிடமோ விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

நாலேகால் இருக்கும். பாடகர் ஒலிவாங்கியைப் பிடித்து, “இதுதான் கடைசி, நன்றி லண்டன்” என்றார். நான் அங்கிளின் தோளைத் தொட்டு, நன்றாகக் கேளுங்கள் என்றேன். இடிமாதிரி ஒரு பாட்டு. முடிந்ததும் நால்வரும் தோளோடு தோள் சேர்ந்து குனிந்து வணங்கிவிட்டு உள்ளே போனார்கள். மேடை இருண்டது. கூட்டம் கைதட்டிக்கொண்டே இருந்தது.

நான் மதுரைக்காரன். சினிமாவில் வணக்கம் போடும் முன்பே எழுந்து ஸ்டாண்டில் வண்டியை எடுத்தால்தான் எனக்குப் படம் பார்த்த திருப்தி.

“வாங்க அங்கிள், கூட்டம் இறங்குறதுக்குள்ள போயிடலாம். உங்க முழங்கால் இடிபடும்.”

“விளக்கு இன்னும் போடேல்லையே தம்பி?”

“இங்க அப்படித்தான்” என்றேன்.

தெருவில் இறங்கி இருபதடி நடந்திருப்போம். உள்ளேயிருந்து பெரிய ஆரவாரம் கிளம்பியது. திரும்பி ஓடினேன். வாசலில் நின்ற காவலர் பலகையைக் காட்டினார்: வெளியே போனவருக்குத் திரும்ப அனுமதி இல்லை.

“அதுதான் முடிந்துவிட்டதே, பிறகென்ன சத்தம்?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். குழு போவதுபோல் போகும், கூட்டம் கைதட்டி அழைக்கும், திரும்ப வந்து மெய்யான கடைசிப் பாட்டை வாசிக்கும். இந்த ஊரில் எப்போதும் அப்படித்தானாம். டிரம்ஸ் வாசிப்பவரின் அப்பா இவர் என்று கெஞ்சினேன். நல்ல மனிதர், வாக்கிடாக்கியில் மேலே கேட்டுப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் யார் காதில் விழும்?

அங்கிள் அதற்குள் பக்கத்துச் சந்தில் மண்டபத்துச் சுவரோரம் போய் நின்றிருந்தார். நானும் போனேன். பாட்டின் வார்த்தை ஒன்றும் வெளியே வரவில்லை, கிடாரும் வரவில்லை. சுவரைத் தாண்டி டிரம்ஸ் மட்டும் மொத்து மொத்தென்று மெதுவாகக் கேட்டது. அவர் செங்கல்லில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

“இப்பிடித்தான் தம்பி கேக்கும். அந்த நாளில, அவன் தலகணியில அடிக்கேக்க.”

“நீங்க தூங்குறீங்கன்னுதான் அவன் தலையணையில தட்டினான்.”

“எங்க நித்திரை வந்தது? கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் கிடந்தனான். எழும்பினா நிப்பாட்டிப்போடுவான் எண்டு எழும்பேல்ல.”

சுவர் ஓய்ந்தது. உள்ளே விளக்குப் போட்டு, ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் கதவு வழியாக ரெஜி வந்தான், கழுத்தில் துண்டு, முகமெல்லாம் வியர்வை.

“போயிட்டியளோ எண்டு நினைச்சன்.”

தப்பு என்னுடையது என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

“கேட்டனான், ரெஜி. வெளியில நிண்டு கேட்டனான்” என்றார் அங்கிள்.

“பரவாயில்லை அப்பா” என்று சொல்லிவிட்டு, சாமான்களை வேனில் ஏற்ற உள்ளே போனான். சின்ன வயதில் கேட்டதை அப்பா மறுத்தால் இதே குரலில்தான் பரவாயில்லை என்பான்.

அன்று இரவே யாரோ போனில் எடுத்த வீடியோ எங்கள் மூவருக்கும் வந்துசேர்ந்தது. அங்கிள் திறக்கவில்லை. நான் திறந்தேன். பாடகர் மேல்மாடத்தைக் காட்டி, டிரம்ஸ்காரரின் அப்பா வந்திருக்கிறார், எழுந்து நில்லுங்கள் என்கிறார். போன் மேலே திரும்புகிறது. இரண்டு காலி நாற்காலி. ஒன்றில் என் குடை. ரெஜி விளக்குக்குக் கையைக் குறுக்கே பிடித்து மேலே தேடுகிறான். தேடிவிட்டுக் குனிந்து வாசிக்க ஆரம்பிக்கிறான்.

புதன்கிழமை காலை என்னை வழியனுப்ப அங்கிள் நிலையம்வரை வந்தார். நடைமேடையில் நின்றபடி, மன்னிச்சுக்குங்க அங்கிள் என்றேன்.

“நீர் என்ன செய்வீர்? பூசையில கடைசி ஆசீர்வாதம் முடியாம நான் ஒருநாளும் எழும்பினதில்லை. அண்டைக்கு எழும்பிப்போட்டன்.” பிறகு ரயில் வரும் பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: “பாட்டில என்னவாம் சொல்றாங்கள்?”

சொன்னேன். ஒரு வீடு, பகலில் அப்பா தூங்குவார், பையன் தலையணையில் வாசிப்பான். இத்தனை வருடம் வாசித்தேன், அப்பா ஒரு தாளமும் கேட்டதில்லை. அவ்வளவுதான் பாட்டு.

ரயில் வந்து கதவு திறந்தது. பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

“பிழையா எழுதிப்போட்டான்” என்றார் அங்கிள்.

“அவன்கிட்டச் சொல்லுங்க அங்கிள்.”

“சொல்லுவன். ஆனா இனி எங்க திருத்திறது தம்பி? குழுவே கலைஞ்சு போச்சே.”

கதவு மூடிக்கொண்டது.

மதுரையில் இப்போதும் வணக்கம் போடும் முன்பே பாதி தியேட்டர் எழுந்துவிடுகிறது. என் மனைவி வண்டிச் சாவியைக் கேட்டுக் கை நீட்டுகிறாள். விளக்குப் போடட்டும் என்று நான் உட்கார்ந்திருக்கிறேன்.