ஒயர் அக்கா வைஃபை அளந்த கதை

கல்லூரியில் எல்லோரும் அவளை ஒயர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் துறைக்கு உதவியாளராக வந்து சேர்ந்த முதல் வருடமே, கூரைப் பலகைகளுக்கு மேலே புகுந்து புகுந்து கட்டடம் முழுக்கக் கேபிள் இழுத்தவள். தோளில் நீல ஒயர்ச் சுருளும் கையில் ஸ்க்ரூடிரைவருமாக அவள் வராந்தாவில் வேகமாக நடந்தால், ஏதோ ஒரு துறையில் நெட் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு கல்லூரிக்கு வைஃபை வந்தது. ஒயர் குறைந்தது, பெயர் குறையவில்லை.

"அக்கா, ஒயரே இல்லாத சமாச்சாரத்துக்கும் நீங்கதான் பொறுப்பா?" என்று மாணவர்கள் சீண்டுவார்கள்.

"ஒயர் இல்லைங்கறது உங்க கண்ணுக்குத்தான். சுவத்துக்குள்ள வந்து பாருங்க, தெரியும்" என்பாள்.

நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். குள்ளம், ஏணி இல்லாமல் எந்த வேலையும் ஓடாது. கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கக் குழந்தைகளின் கூச்சலில் ஊறிவிட்டு வருவதால் வீட்டில் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய தம்பி இருந்தான். பழைய போன், பழைய லேப்டாப் வாங்கி விற்கும் கடை வைத்திருந்தான். அவன் கடையில் எந்தப் பொருளை எடுத்தாலும், அதற்கு முன்னால் அதை வைத்திருந்தவர் ஒரு டாக்டராக இருப்பார். மிஞ்சிப்போனால் டாக்டரின் மனைவியாக இருப்பார்.

அந்த வருடம் வைஃபை பற்றிய புகார் நாலா பக்கமிருந்தும் வந்தது. இரண்டாம் மாடி மாணவர்கள் ஜன்னலோரம் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பார்கள். கீழேயிருந்து பார்த்தால் யாரையோ வழியனுப்புகிற மாதிரி இருக்கும். முதல்வர் ஒரு வீடியோ கூட்டத்தில் கொட்டாவியின் உச்சத்தில் திரையில் உறைந்துபோனார். கூட்டம் முடிகிறவரை அந்த முகம் அப்படியே இருந்தது. மறுநாளே, சிக்னலை அளக்கும் கருவி விற்கும் ஒரு நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

டை கட்டிய ஒருவர் வந்தார். கையில் ஒரு பெட்டி. திறந்தால் உள்ளே மெத்தை போட்டு, நகை மாதிரி ஒரு கருவி படுத்திருந்தது.

"இதைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு சுத்து நடந்தாப் போதும் சார். எங்க சிக்னல் இருக்கு, எங்க இல்ல, ஏன் இல்ல, எல்லாத்தையும் கலர் படமாப் போட்டுக் குடுத்துடும்."

முதல்வர் விலையைக் கேட்டார். காதில் தப்பாக விழுந்ததோ என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு, "வாடகைக்குக் கிடைக்குமா?" என்றார். கிடைக்கும் என்றார் அவர். வாடகையைக் கேட்டதும் முதல்வரே கையை நீட்டிப் பெட்டியை மூடினார்.

அவர் போன பிறகு ஒயர் அக்காவைக் கூப்பிட்டார். "நீங்களே ஏதாவது பாருங்கம்மா. செலவு இருக்கலாம், ஆனா அது என் கண்ணுல படக் கூடாது."

அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் ஏக்கம்தான். அந்தக் கருவியை ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தாள். விரலில் இன்னும் அதன் வழவழப்பு இருந்தது. ஆனால் சர்வர் அறையின் குளிரில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. அந்தப் பெட்டிக்கு எத்தனையோ கேள்விக்குப் பதில் தெரியும். இந்தக் கல்லூரியிடம் இருந்ததோ இரண்டே கேள்வி. எந்த இடத்துக்கு சிக்னல் எட்டவில்லை? எந்த இடத்தில் பக்கத்துப் பக்கத்து வைஃபை பெட்டிகள் ஒரே சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், பேசி ஒன்றையொன்று குழப்புகின்றன? இந்த இரண்டுக்கும் போனில் இலவசமாகவே ஆப் இருந்தது. ஒவ்வொரு இடத்திலும் நின்று திரையைத் தொட்டால் சிக்னலின் அளவைச் சொல்லும். கட்டடத்தின் வரைபடத்தைக் கொடுத்தால் அதன் மேலேயே வண்ணமும் பூசிக் காட்டும்.

வரைபடத்துக்கு எங்கே போவது? கட்டடம் கட்டியவர்கள் கொடுத்த தாளைக் கரையான் தின்றிருந்தது. கடைசியில், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று மாடிக்கு மாடி சட்டம் போட்டு மாட்டியிருந்த படங்களைக் கழற்றினாள். ஏணியில் நின்று அவள் அதை இறக்குவதைப் பார்த்த இயற்பியல் ஆசிரியர் பதறிவிட்டார்.

"எங்கம்மா பத்திக்கிச்சு?"

"ஒண்ணும் பத்திக்கல சார். வைஃபைக்கு."

"வைஃபை பத்திக்கிச்சா?"

அவரைச் சமாதானப்படுத்தி வகுப்புக்கு அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரே நாளில் கல்லூரி முழுக்கச் சுற்றி முடித்தாள். நாலு எட்டு, ஒரு தொடுதல். நாலு எட்டு, ஒரு தொடுதல். மாலையில் பார்த்தால் படம் முழுக்கப் பச்சை. நூலகம் பச்சை, படிக்கட்டு பச்சை, கழிப்பறையும் பச்சை. அவளுக்கே ஆச்சரியம். மறுநாள் முதல்வர் மகிழ்ந்துபோய் அந்தப் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். ஒட்டிய கொஞ்ச நேரத்திலேயே பலகையைச் சுற்றிச் சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடம்கூடப் பளிச்சென்று பச்சையாக இருந்தது. அந்தப் பக்கம் போனில் பேசினாலே பாதிதான் கேட்கும். யாரோ அதன் பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்கள்: "அக்கா, தண்ணி கனெக்‌ஷனையும் சேத்து எண்ணிட்டீங்களா?"

அவள் படத்தைக் கிழித்துக் கையில் கசக்கிக்கொண்டு கேன்டீனில் போய் உட்கார்ந்தாள். டீ ஆறிக்கொண்டிருந்தது. எதிரே புள்ளியியல் பேராசிரியை வந்து அமர்ந்தார். கறாரான அம்மாள், மதிப்பெண்ணை இழுத்துப் பிடித்துப் போடுகிறவர் என்று பேர்.

"போன்ல அளவெல்லாம் இருக்கும்ல? காட்டுங்க" என்றார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். "வராந்தாவுல மைனஸ் அம்பத்திரெண்டு. படிக்கட்டுல மைனஸ் அம்பத்திரெண்டு. தண்ணித் தொட்டிகிட்டயும் அதேவா? என் வகுப்புல ஒருத்தன் இப்படிக் கொண்டு வந்தான்னா, வீட்டுல உக்காந்தே எழுதிட்டான்னு நினைப்பேன்."

"சத்தியமா நடந்தேன் மேடம். கால் ரெண்டும் கெஞ்சுது."

"நீங்க நடந்தீங்கம்மா. உங்க போன் நடக்கல போலிருக்கு."

அது சரியாகத்தான் இருந்தது. அன்று மாலை கொழுந்தன் கடையில் போனை நோண்டியபோது விஷயம் வெளிவந்தது. பேட்டரியை மிச்சம் பிடிக்க, அந்தப் போன் அடிக்கடி சிக்னலைத் தேடாது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பார்த்ததையே எடுத்து நீட்டும். இவள் தொட்ட ஒவ்வொரு தடவையும் பழைய எண்ணையே புதிதுபோலக் காட்டியிருக்கிறது. செட்டிங்ஸுக்குள்ளே ஆழத்தில் அந்தச் சிக்கனத்தை நிறுத்தி வைக்க ஒரு பொத்தான் இருந்தது.

"சோம்பேறிப் போனு அண்ணி இது. நான் வேற தரேன். ஒரு டாக்டர் வெச்சிருந்தது" என்றான் கொழுந்தன்.

"டாக்டர் எதுக்குடா வித்தாரு? உசுரோட இருக்காரா?"

பொத்தானைத் தட்டிச் சிக்கனத்தை நிறுத்தியதும் அதே போன் ஒழுங்காகத் தேட ஆரம்பித்தது. ஆனாலும் ஒரு தடவை ஏமாந்தவள் ஆகையால் போனை மட்டும் நம்ப மனம் வரவில்லை. கடையின் மூலையில் மூடி உடைந்த ஒரு லேப்டாப் கிடந்தது. அதையும், சுண்டுவிரல் நீளத்துக்கு ஆன்டெனா வைத்த லேப்டாப்பில் செருகுகிற ஒரு சின்ன வைஃபை குச்சியையும் இரவலாகக் கேட்டாள். கடைக்காரன் தலையைச் சொறிந்தான். அவளோடு வந்து பக்கத்தில் நின்ற கணவர் அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"குடுடா."

அவ்வளவுதான், பேரம் முடிந்தது.

லேப்டாப்பில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளைப் போட்டாள். இந்தத் தடவை பேராசிரியையிடம் முன்கூட்டியே யோசனை கேட்டாள். "ஒரே கருவி, ஒரே உயரம், ஒரே நடை. ஓரிடத்துல போனு, இன்னோரிடத்துல லேப்டாப்புன்னு மாத்தாதீங்க. ரெண்டு தராசுல நிறுத்துட்டு எது கனம்னு கேக்கக் கூடாது" என்றார் அவர். ஒரே உயரம் என்றதும் அவளுக்கு நூலகத்தில் புத்தகம் தள்ளும் தள்ளுவண்டி நினைவுக்கு வந்தது.

நூலகர் எப்போதும் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார். பேருந்து நிறுத்தத்திலும் அப்படித்தான். வண்டியைக் கேட்டதும் தயங்கினார், பிறகு சக்கரத்துக்கு எண்ணெய் விட்டே கொடுத்தார். "சத்தம் வரக் கூடாது" என்று அவள் காதில் சொன்னார்.

இப்படியாக, உடைந்த லேப்டாப்பைத் தள்ளுவண்டியில் கயிறு போட்டுக் கட்டி, ஒயர் அக்கா மறுபடி ஊர்வலம் கிளம்பினாள். முதலில் விடுமுறை நாளில், கல்லூரி காலியாக இருக்கும்போது. வேன் ஓட்டம் இல்லாததால் கணவரும் வந்தார். அவர் தள்ளினார்; சாலையில் வேன் ஓட்டுவதுபோலவே திருப்பத்தில் நிதானித்து, வேகம் கூடாமல் குறையாமல். பிறகு வகுப்புகள் நடக்கும் நாளில் அவளே தனியாகத் தள்ளினாள். காலியாக இருந்தபோது பச்சையாக இருந்த பெரிய கூடம், மாணவர்கள் நிரம்பியதும் மஞ்சளாகி, பின்வரிசைகளில் சிவந்தே போனது. மனித உடம்பில் இருக்கும் தண்ணீர் சிக்னலை உறிஞ்சும் என்று படித்திருந்தாள்; கண்ணால் பார்த்தது அன்றுதான். "நீங்க எல்லாரும் தண்ணி மூட்டைங்கடா" என்று மாணவர்களிடம் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

எல்லாவற்றையும்விட வேடிக்கை நூலகத்தில் நடந்தது. அங்கே ஒரு வைஃபை பெட்டி இருக்கிறது என்று சர்வர் சொன்னது. ஆனால் அது இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் கீழே, சிக்னலே இல்லாமல் படம் கன்னங்கரேலென்று இருந்தது. வண்டியை முன்னும் பின்னும் தள்ளினாள். அண்ணாந்து பார்த்தாள். சுவரில் நாலு திருகு ஓட்டைகள்தான் இருந்தன. அங்கிருந்து இறங்கிய ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். அது அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, ஓர் இரும்பு பீரோவின் முதுகில் இருந்த துளைக்குள் போய் முடிந்தது. பீரோ பூட்டியிருந்தது.

"சார், இதுக்குள்ள என்ன இருக்கு?"

"பழைய இதழ்கள்" என்றார் நூலகர் கிசுகிசுப்பாக.

"இதழுக்கு எதுக்கு சார் கரண்டு?"

அவர் கொஞ்ச நேரம் சாவியைத் தேடுவதுபோல் நடித்தார். பிறகு பீரோவைத் திறந்தார். கட்டுக் கட்டான இதழ்களுக்கு நடுவே வைஃபை பெட்டி, சிறையில் இருக்கும் கைதிபோலப் பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"இரும்புக்குள்ள வெச்சா எப்படி சார் வெளிய வரும்?" அவளும் தன்னையறியாமல் கிசுகிசுத்தாள்.

"வரக் கூடாதுன்னுதான் வெச்சேன்!" சண்டை முழுக்கக் கிசுகிசுப்பிலேயே நடந்தது. "அது சுவத்துல இருந்தப்போ மொத்தப் பசங்களும் அதுக்குக் கீழயே வந்து உக்காருவாங்க. விளக்கு எரியற இடத்துலதான் சிக்னல் ஜாஸ்தின்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். ஒரே பேச்சு, சிரிப்பு. அந்தப் பக்கத்து மேசையில படிக்க வர்றவங்க என்கிட்ட வந்து அழறாங்க. நான் யார்கிட்டம்மா போய்ச் சொல்றது?"

ஒயர் அக்காவுக்குக் கோபம் வந்த வேகத்தில் இறங்கியது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தன்னிடம் சொல்லியிருக்கலாம் என்பதுதான் அவளுடைய வருத்தம். பெட்டியை வெளியே எடுத்து, நூலகத்தின் நடுக்கூரையில் மாட்டினாள். பிறகு சர்வரில் போய் அதன் விளக்கை நிரந்தரமாக அணைத்துவிட்டாள். எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை, எங்கே உட்கார்ந்தாலும் சிக்னல் வந்தது. நூலகர் மறுநாள் அவளைத் தேடி வந்து, "நல்ல காரியம் பண்ணீங்க" என்று, ஏறத்தாழச் சத்தமாகவே சொன்னார்.

புதிய படத்தை எடுத்துக்கொண்டு முதல்வரிடம் போனபோது, அவர் பழைய அனுபவத்தால் எச்சரிக்கையாக இருந்தார். "இந்த மைனஸ் கணக்குதான் எனக்குப் புரியல. நாப்பது நல்லதா, எண்பது நல்லதா?"

"பள்ளம் மாதிரி நினைச்சுக்கோங்க சார். ஆழம் கூடக் கூட மோசம்."

"அப்போ என் அறை எண்பத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்களே?"

"கெணறு சார்."

வாங்க வேண்டியது அதிகமில்லை. கல்லூரியிலும் பெண்கள் விடுதியிலும் பல பெட்டிகளை இடம் மாற்றினாள், சிலவற்றின் சேனலை மாற்றினாள், பக்கத்துப் பெட்டியை அமுக்கிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தவற்றின் சக்தியைக் குறைத்தாள். புதிதாக இரண்டு மட்டும் கேட்டாள்: ஒன்று பெரிய கூடத்தின் பின்வரிசைக்கு, ஒன்று முதல்வரின் கிணற்றுக்கு. இரண்டாவதற்கு உடனே கையெழுத்து கிடைத்தது. முதலாவதற்கு இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது.

கொழுந்தனுடைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடை வாசலில் ஒரு பலகை தொங்கியது. கல்லூரி ஆராய்ச்சியில் பயன்பட்ட லேப்டாப் கிடைக்கும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தான். அவள் அதைப் பிடுங்கி உள்ளே போட்டாள். அடுத்த வாரமே அந்த லேப்டாப்பை அவன் விற்றுவிட்டான். வாங்கியது நிஜமாகவே ஒரு டாக்டர். அவன் எத்தனை சொல்லியும் வீட்டில் யாரும் நம்பவில்லை.

வேலை முடிந்து சில நாட்கள் புகாரே இல்லை. ஒயர் அக்காவுக்கே என்னவோபோல் இருந்தது. போன் கெட்டுவிட்டதோ என்று கணவரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் மதியம் பெண்கள் விடுதிக் காப்பாளர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"ஏம்மா, எங்க விடுதி சிக்னலை என்ன பண்ணித் தொலைச்சே?"

"ஏன் மேடம், வரலையா?"

"வருதே! மூணாவது மாடிக் கட்டில் வரைக்கும் வருது. முன்னாடியெல்லாம் சிக்னல் வேணும்னா சாப்பாட்டு அறைக்கு இறங்கி வருவாளுக. வந்த கையோட சாப்பிட்டுட்டுப் போவாளுக. இப்ப ஒருத்தியும் இறங்க மாட்டேங்கறா. வடிச்ச சோறு அப்படியே கிடக்கு. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் மாடியில கொஞ்சம் குறைச்சு வையேன்."

ஒயர் அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பிறகு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க மேடம், நேர்ல பாத்தே முடிவு பண்ணலாம்" என்று அவருக்கு முன்னால் படியிறங்கினாள்.