பல்லேபொலவில் இறங்கிய ஹெலிகொப்டரும் நான் சொன்ன தவறான பதிலும்

சிகிரியாவிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போன எங்கள் கம்பெனி ஹெலிகொப்டரில் நடுவழியில் சிப் லைட் ஒருமுறை எரிந்து அணைந்தது. கியர்பாக்ஸ் எண்ணெயில் இரும்புத் துகள் இருந்தால் எரியும் லைட் அது. பைலட்டான கெப்டன் தயங்காமல் பல்லேபொலவில் ஒரு பாடசாலை மைதானத்தில் இறக்கிவிட்டார். நான் தம்புள்ளையில் கம்பெனியின் டெக்னீஷியன். அதிர்வை அளக்கும் வைப்ரேஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனில் போனேன்.

பயணிகள் சென்னைக்காரத் தம்பதி. கணவர் என்னிடம் வந்தார்.

"லைட் அணைஞ்சிடுச்சுன்னு பைலட்டே சொல்றாரு. எங்களுக்கு எட்டு மணிக்கு ஃப்ளைட். அப்புறம் என்ன சார்?"

வால் விசிறியைச் சுழற்றும் டெயில் ரோட்டர் கியர்பாக்ஸில், துகளைப் பிடிக்கும் காந்தப் பிளக்கைக் கழற்றினேன். நுனியில் பஞ்சு மாதிரி மெல்லிய தூள்தான். அதைத் துடைத்து, எஞ்சினைத் தரையில் ஓட்டிப் பார், லைட் திரும்ப எரியாவிட்டால் பறக்கலாம் என்கிறது மெனுவல். ஓட்டினோம். எரியவில்லை.

ஆனால் நான் வைப்ரேஷன் பெட்டியின் சென்சரையும் கியர்பாக்ஸில் பொருத்தியிருந்தேன். கியர் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும்போது கிராஃபில் ஓர் உயரமான கோடு வரும். அன்று அதன் இரு பக்கமும் சம இடைவெளியில் சின்னச் சின்னக் கோடுகள் நின்றன. எல்லாமே லிமிட்டுக்குள்தான். ஆனால் போன மாத கிராஃபில் அவை இல்லை.

கெப்டன் சிங்களத்தில் சொன்னார்: "நீங்க கையெழுத்துப் போட்டா நான் ஓட்டுறேன்."

அந்த கியர்பாக்ஸ் இறுகிப் பிடித்துக்கொண்டால் வால் விசிறி நிற்கும். ஹெலிகொப்டர் பம்பரமாய்ச் சுற்றி விழும். நான் கையெழுத்துப் போடவில்லை. தம்பதியை அதே வேனில் விமான நிலையத்துக்கு அனுப்பினோம்.

கொழும்பிலிருந்து மேனேஜர் நஸீர் சேர் போனில் வந்தார்.

"லிமிட்டுக்குள்ளதானே இருக்கு செல்வராஜ்? எதுக்கு நிப்பாட்டுறீங்க?"

"போன மாசம் இது இல்லங்க சேர்."

"என்ன பழுதுன்னு சொல்லுங்க. ஒரு பேர் சொல்லுங்க."

பேரிங் தேய்ந்தால் தூள் வரும்; பிளக்கில் தூளைப் பார்த்திருந்தேன். பேச்சை முடித்தால் போதும் என்றும் இருந்தது. "பேரிங் சேர்" என்று சொல்லிவிட்டேன்.

கியர்பாக்ஸை அங்கேயே கழற்றி கொழும்பு வர்க்‌ஷொப்புக்கு அனுப்பினோம். நாலாம் நாள் மறுபடி போன்.

"பேரிங் எல்லாம் புதுசு மாதிரி இருக்குதாம். வந்த தூள் சாதாரணத் தேய்மானமாம். கழட்டினதைத் திரும்பப் பூட்டச் சொல்லிட்டேன்."

சரி சேர் என்று சொல்லித் தப்பிக்கலாம். வைப்ரேஷன் பெட்டியை இனி யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவுதான். கிராஃபை எடுத்து மேசையில் விரித்தேன். பேரிங் கெட்டால் கோடுகள் வேறு இடத்தில் வரும். இவை கியர் கோட்டை ஒட்டி நின்றன. முதல் நாளே என் கண்ணில் பட்டதுதான். தூளைப் பார்த்த கண்ணுக்கு உறைக்கவில்லை.

"சேர், பேரிங்னு சொன்னது என் ஊகம். அது பிழை. கிராஃபில பார்த்தது கியர்ல. பல்லில வெடிப்பு விழுந்திருந்தா தூள் கொட்டாது. பூட்ட முந்தி கியரை மேக்னட் டெஸ்ட் செய்யச் சொல்லுங்க."

"அன்னைக்கு பேரிங். இன்னைக்கு கியர். நாளைக்கு என்ன?"

"அதிலயும் ஒண்ணுமில்லன்னா நான் சொன்னது பிழைன்னு எழுதித் தாறேன் சேர்."

"டெஸ்டுக்கு நீங்களே வந்து நில்லுங்க" என்றார்.

மறுநாள் பஸ் ஏறிப் போனேன். இருட்டறையில் கியருக்குக் காந்தமேற்றி, ஒளிரும் தூள் கலந்த எண்ணெயை ஊற்றி, புறஊதா விளக்கைப் பிடித்தார்கள். ஒரு பல்லின் அடியில் வெடிப்பு பச்சைக் கோடாய் ஒளிர்ந்தது. நகத்தளவு நீளம். நஸீர் சேர் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் பிடித்தது.

அதற்குப் பிறகு நான் ரிப்போர்ட்டில் கண்டதையும் நினைத்ததையும் ஒரே வரியில் எழுதுவதில்லை. புதிதாக வருகிறவர்களிடமும் அதைத்தான் சொல்கிறேன். தெரியாததற்கு அவசரமாய்ப் பேர் வைத்தால், அந்தப் பேர் பொய்யாகும்போது நீங்கள் கண்ட உண்மையும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

அன்று ரிப்போர்ட் எழுதும்போது நஸீர் சேர் கேட்டார்: "சரி, எதனால வெடிச்சுது?"

"தெரியாதுங்க சேர்."

"அப்படியே எழுதுங்க" என்றார்.